வீடு இருந்தது, நிலம் இல்லை

நிலம் வாங்கப் போகிறவர்கள் பொதுவாக மண்ணைப் பார்ப்பார்கள், தண்ணீர் பார்ப்பார்கள், பாதை இருக்கிறதா என்று கேட்பார்கள். ஓர்ஃபெலினா கார்கமோ முதலில் கடற்கரையைப் பார்த்தாள். கரை எவ்வளவு சரிவு, சேறா கூழாங்கல்லா, வற்றத்தின்போது தண்ணீர் எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்று பார்த்தாள். பிறகு கரையிலிருந்து நிலம் வரை நடந்தாள். வழியில் ஏதாவது மரம் குறுக்கே நின்றால் முகம் சுளித்தாள். அவளிடம் வீடு ஏற்கெனவே இருந்தது. அதைக் கொண்டுபோய் வைக்க இடம்தான் தேவைப்பட்டது.

வீட்டைக் கட்டியவர் அவள் கணவர் ரெமிஹியோ. கல்யாணமான வருடம், கிலூன் கிராமத்தில், தன் அண்ணன் அவுடிலியோவின் நிலத்தில் கட்டினார். அப்போது அண்ணன், "எங்க வேணா கட்டிக்கோடா" என்று கையை வீசிக் காட்டினாராம். பிறகு அண்ணன் தெற்கே புன்தா அரேனாசுக்குப் பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார். ரெமிஹியோ இறந்து இரண்டாவது குளிர்காலம் முடிந்ததும் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"நிலத்தை வித்துட்டேன் ஓர்ஃபெலினா. எனக்கும் வயசாச்சு, ஆஸ்பத்திரிச் செலவு."

"வீட்டையுமா வித்தீங்க?"

"வீடு உன்னுது. அதை நான் எப்படி விக்கிறது? கோடை முடியற வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். எடுத்துட்டுப் போயிடு."

எடுத்துக்கொண்டு போ என்று அவர் சொன்னது கட்டிலையோ மேசையையோ அல்ல. எங்கள் சிலோயே தீவில் அந்த வார்த்தையைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இங்கே வீடுகள் மரத்தால் ஆனவை, மரக்குற்றிகளின் மேல் நிற்பவை. ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றி, அடுப்பை வெளியே எடுத்து, அடியில் இரண்டு நீள மரங்களைச் செருகி, ஜோடி ஜோடியாக மாடு பூட்டி இழுத்தால் வீடு வரும். நடுவில் கடல் இருந்தால் அதிலும் மிதக்கும். இழுக்கிறவர்களுக்குக் கூலி கிடையாது, வயிறார சாப்பாடு உண்டு. இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. இதற்கு மிங்கா என்று பெயர்.

நிலத்தை வாங்கியவர் தலைநகர் சாந்தியாகோவில் பல் மருத்துவர். அவர் கண்ணாடிச் சுவர் வைத்த குடில்கள் கட்டப்போகிறார். பழைய மாடி வீடு போனால் அவருக்கு நிம்மதி. ஆக, கோடை முடிவதற்குள், அதாவது பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்களுக்கு மார்ச் மாதப் பெரிய கடல் ஏற்றத்துக்குள், ஓர்ஃபெலினா நிலம் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குமேல் வடகாற்று தொடங்கிவிடும், வீட்டைக் கடலில் இறக்க முடியாது.

நான் அந்த வருடம்தான் ஊர் திரும்பியிருந்தேன். பல வருடம் கப்பல் சமையலறைகளிலும் அடுத்தவர் பழத்தோட்டங்களிலும் கழித்துவிட்டு வந்தவளுக்கு ஒரு இடத்தில் உட்காரும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஓர்ஃபெலினா என் அம்மாவுக்குத் தங்கை முறை, எனக்குச் சித்தி. கூட நடக்க ஆள் வேண்டும் என்றாள், போனேன்.

முதலில் காஸ்ட்ரோ நகரில் நிலம் விற்கும் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே மினுக்கும் சட்டை போட்ட ஒரு இளைஞன் எங்களைத் தன் வண்டியில் ஏற்றி ஒரு குன்றுக்குக் கொண்டுபோனான். ஒரு பழைய பண்ணையை அரை அரை ஹெக்டேராகத் துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவையின் பெயர் வைத்திருந்தார்கள். கீழே கடல், அதற்கப்பால் எரிமலைகள், உச்சியில் பனி. அவன் கையை விரித்துக் காட்டிவிட்டு நாங்கள் வாயைப் பிளப்பதற்காகக் காத்திருந்தான்.

சித்தி விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

"இதுல வீடு எப்படித் தம்பி ஏறும்?"

"ஏறுறதா? இங்கயே கட்டிக்கலாம் அக்கா. எங்ககிட்டயே ஆள் இருக்கு."

"கட்டின வீடு இருக்கு."

"அப்ப இது ரெண்டாவது வீடா? லீவுக்கு வந்து தங்கவா?"

"எனக்கு எங்கப்பா லீவு," என்றாள் சித்தி. திரும்பி வரும் வழி முழுக்க அவன் எரிமலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அவள் வயலில் கிடந்த மாடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.

அடுத்து பார்த்த நிலம் எல்லா விதத்திலும் பொருந்தியது, பத்திரத்தைத் தவிர. இறந்துபோன தாத்தா ஒருவரின் பெயரில் இருந்தது. பேரப்பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களில் ஒருவன் அர்ஜென்டினாவில் எங்கேயோ ஆடு மயிர் கத்தரிக்கிறான், எங்கே என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு நிலத்தில் ஊற்று இருந்தது, கரை இருந்தது, ஆனால் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போனது. "வீட்டைக் கொண்டாந்து வெச்சா அடுத்த வருஷம் மாடி மட்டும்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு சித்தி காலை உருவிக்கொண்டாள்.

ஜனவரி முடிந்தது. தேடலின் வட்டம் சுருங்கியது. கிலூனிலிருந்து ஒரே ஏற்றத்தில் வீட்டை இழுத்துக்கொண்டு போகக்கூடிய தூரத்தில் மிஞ்சியிருந்தது ஒரு கரைதான், அக்கரையில் இருக்கும் அவுச்சேமோ. அங்கே எலியோதோரோ சிகுவாய் என்பவர் கரையோரத் துண்டு ஒன்றை விற்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். சித்திக்கும் தெரியும். அவள் கடைசிவரை அந்தப் பெயரை எடுக்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது.

நான் பிறப்பதற்கு முன் எலியோதோரோவின் அப்பா கிலூன் பக்கம் ஒரு வீட்டை வாங்கி அவுச்சேமோவுக்குக் கொண்டுபோக மிங்கா கேட்டார். கடலில் வீட்டை இழுத்தது ரெமிஹியோவின் லாஞ்ச். பாதி வழியில் வடகாற்று திடீரென்று எழுந்தது. வீடு காற்றை வாங்கி லாஞ்சைப் பின்னுக்கு இழுக்க ஆரம்பித்தது. படகில் நான்கு பேர் இருந்தார்கள். ரெமிஹியோ கோடரியை எடுத்துக் கயிற்றை வெட்டினார். வீடு முனைப் பாறைகளில் போய் மோதியது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவுச்சேமோ பிள்ளைகள் கரையில் ஜன்னல் சட்டங்கள் பொறுக்கினார்கள். எலியோதோரோவின் அப்பா மிச்ச நாளை உருளைக்கிழங்குக் கொட்டகையில் கழித்தார்.

கிலூனில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் நான்கு பேர் உயிரோடு திரும்பினார்கள் என்று முடிப்பார்கள். அவுச்சேமோவில் சொல்கிறவர்கள் வீடு பாறையில் மோதிய சத்தத்தோடு முடிப்பார்கள். அதற்குப் பிறகு இந்தக் கரை மிங்காவுக்கு அந்தக் கரை வந்ததில்லை, அந்தக் கரைக்கு இந்தக் கரையும் போனதில்லை.

நானோ என்று பெயர் கொண்ட என் மாமன் மகன் தன் லாஞ்சில் எங்களை அக்கரை கொண்டுபோனான். எலியோதோரோ கொட்டகை வாசலில் உட்கார்ந்து நுகத்தடிக்குத் தோல்வார் முறுக்கிக்கொண்டிருந்தார். எழுபதைத் தொடும் வயது, தடித்த கழுத்து, ஒரு காது சற்று மடங்கியிருந்தது.

"யாரு வீட்டுப் பொம்பள நீ?"

"கிலூன் ரெமிஹியோ பொண்டாட்டி."

அவர் கை நிற்கவில்லை. வாரை இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

"செத்துட்டான்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா."

"கடல்லயா?"

"படுக்கையில."

"குடுத்து வெச்சவன்," என்றார்.

சித்தி நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் எழுந்திருக்காமலேயே தாடையால் காட்டினார். நாங்களே போய்ப் பார்த்தோம். கறுத்த மண். மேல் எல்லையில் ஒரு ஊற்று, கோடையிலும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பாசி படர்ந்த ஆப்பிள் மரங்கள், காய்த்துக் கிளை தாழ்ந்திருந்தன. மஞ்சள் பூ பூக்கும் முட்புதர் பாதி நிலத்தைத் தின்றிருந்தது. அதைப் பிடுங்க அவருக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை, மகன்கள் மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். சித்தி ஆடுகள் படுத்து நசுங்கிய புல் எங்கே இருக்கிறது என்று தேடினாள். காற்று படாத இடத்தில்தான் ஆடு படுக்கும். அந்த இடத்தில் நின்று, திரும்பி, கரையைப் பார்த்தாள். கல் பொறுக்கிச் சுத்தம் செய்த அகலமான வழி ஒன்று தண்ணீரிலிருந்து மெல்ல ஏறி, எலியோதோரோவின் கொட்டகையை ஒட்டி, நேராக அவள் நின்ற இடத்துக்கு வந்தது.

"இங்க," என்றாள்.

விலை பேசி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ரெமிஹியோவின் லாஞ்சை விற்ற காசு அப்படியே இருந்தது, ஏறக்குறைய சரியாக இருந்தது. எலியோதோரோ தலையாட்டினார். பிறகு சொன்னார்:

"வாங்கிக்க. ஆனா நிலம் விக்கிறது ஒண்ணு, வீடு இழுக்கிறது ஒண்ணு. நோட்டரி முன்னாடி எங்க சொன்னாலும் கையெழுத்துப் போடுவேன். கயித்த மட்டும் தொட மாட்டேன். நான் தொடலேன்னா இந்தக் கரையில எவனும் தொட மாட்டான்."

"கேட்டுப் பாக்குறேன்."

"கேளு. கேக்குறதுக்கு வரி இல்ல."

திரும்பி வரும்போது நானோ லாஞ்ச் சத்தத்துக்கு மேல் கத்தினான். "பெருசு நம்மள வெச்சு வேடிக்கை பாக்குது அத்தை. நிலம் உனக்கு, வீடு கடலுக்கு. அப்பன் கணக்கத் தீக்குறான்."

"நிலம் நல்ல நிலம்," என்றாள் சித்தி.

பத்திரம் பிப்ரவரியில் பதிவானது. காஸ்ட்ரோவில் நோட்டரி வாசித்தார், இரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள், வெளியே வந்து ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். சட்டப்படி அவள் இப்போது அவுச்சேமோவில் நிலக்காரி. நிலத்தின் மேல் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

மிங்காவுக்கு ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. வீட்டுக்காரரே போய், ஒவ்வொரு கதவுக்கும் வெளியே நின்று, தன் வாயால் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் முடியாது என்று சொல்வதும் வழக்கமில்லை. வருகிறவர், "எப்ப?" என்று கேட்பார். வராதவர், "வானம் எப்படி இருக்குன்னு பாக்கலாம்" என்பார். கிலூனில் சித்தி கேட்ட எல்லா வாசலிலும் "எப்ப?" என்றார்கள். வீடு கடல்வரை போய்விடும், நானோ இழுத்துப் போவான். அக்கரையில் ஏற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும். அங்கே சரிவில் இழுக்கும் மாடுகள் அந்தக் கரையின் மாடுகளாகத்தான் இருக்க முடியும். கிலூன் மாடுகளைப் படகில் ஏற்ற வழியில்லை.

அவுச்சேமோவில் முதல் வாசலில் வானத்தைப் பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவதிலும் வானம்தான். மூன்றாவது வீட்டுக்காரர் கதவைத் திறக்குமுன்பே வானத்தைப் பார்த்தார். எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். உட்காரச் சொன்னார்கள், மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள், வெளியூரில் இருக்கும் அவள் மகள்களைப் பற்றி விசாரித்தார்கள்.

கடைசி வீடு ருபெலிண்டாவுடையது. அந்தக் கரையில் கடற்பாசி எடுக்கிறவர்களில் வாய் பெரியவள் அவள், மற்றப் பெண்கள் அவள் சொல்வதைத்தான் கேட்பார்கள். சமையலறை ஜன்னல் வழியாகக் கரை தெரிந்தது. மேட்டில் சிவப்புப் பாசி விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.

"நீ நல்ல பொம்பளைன்னு சொல்றாங்கக்கா," என்றாள் ருபெலிண்டா. "உன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா எலியோதோரோ மாமா இல்லாம நாங்க மாட்ட அவுத்தா, நாளைக்கு அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது? வானம் எப்படி இருக்குன்னு பாப்போம்."

"சரி. பாசி இந்த வருஷம் நல்லாருக்கா?"

"இருக்கு. ஆனா மார்ச் பெரிய வத்தத்துலதான் ஆழத்துல கிடக்கிறது கைக்கு வரும். மூணு நாளு வண்டி மேல வண்டி ஏத்தணும். வாங்குறவன் லாரியோட அந்த வாரம் வரான். அதுக்கப்புறம் வரமாட்டான்."

"வண்டி எல்லாம் இந்த வழியிலதான் இறங்குமா?"

"வேற வழி ஏது? மத்த எடமெல்லாம் பாறை."

சித்தி மாத்தேயை உறிஞ்சி முடித்துக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். வெளியே வந்து கரையில் கொஞ்ச நேரம் நின்றாள். கல் பொறுக்கிய அந்த வழியைப் பார்த்தபடி நின்றாள். என்ன சித்தி என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

நானோவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் யாரிடமும் சொல்லாமல் மறுபடி போய், மாடு வைத்திருந்த ஒருவரிடம் ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினான். அந்த மனிதர் அவனை உள்ளே கூப்பிட்டு, அமைதியாகக் கேட்டுக்கொண்டு, மறுபடி வெளியே கொண்டுவந்து விட்டுக் கதவைச் சாத்தினார். அந்தச் சேதி சாயங்காலத்துக்குள் கரை முழுக்கப் பரவியது. எங்களை மாட்டு வாடகைக்காரர்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சித்தி அவனைத் திட்டவில்லை. "நீ இனிமே ஸ்டியரிங்க மட்டும் பிடி," என்றாள்.

மார்ச் வந்தது. முழு நிலா வாரம், ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அக்கரையிலிருந்து ஒருவர்கூட "எப்ப?" என்று கேட்கவில்லை. கிலூனில் எல்லாரும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். பல் மருத்துவரின் ஆட்கள் வேலிக்கு அடையாளக் குச்சிகள் நட்டுவிட்டார்கள். அதில் ஒன்று சமையலறை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது.

சித்தி ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றினாள்.

கிலூன்காரர்கள் வீட்டைக் குற்றிகளிலிருந்து தூக்கி மரங்களின் மேல் உட்கார்த்தினார்கள். மாடுகள் இழுத்தன. வீடு முனகிக்கொண்டே தன் இடத்தை விட்டு நகர்ந்தது. அது நின்றிருந்த இடத்தில் வெளுத்த சதுரம் ஒன்றும், காணாமல் போயிருந்த கரண்டிகளும், ஒரு பொம்மைக் காலும் கிடந்தன. மறுநாள் அதிகாலை ஏற்றத்தில், சுற்றிலும் காலி பீப்பாய்கள் கட்டிய வீடு மிதந்தது. நானோ இழுத்தான். காற்று இல்லை. பாறை முனையைச் சற்றுத் தள்ளியே கடந்தான். சித்தி லாஞ்சின் பின்பக்கம் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேல்மாடி ஜன்னல் ஓட்டைகள் வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது.

அவுச்சேமோ கரையில் ஒருவரும் இல்லை.

"உன் எல்லை வலது பக்கம்," என்றான் நானோ. "அந்தப் பாறைக்கு இந்தண்ட நிறுத்தட்டா?"

"நேரா போ."

"நேரா போனா அவங்க வண்டி வழி."

"தெரியும். அங்க விடு."

நானோ என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தான்.

ஏற்றம் நின்று தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் வீடு அடியில் தட்டி உட்கார்ந்தது. கல் பொறுக்கிய வழியின் நட்டநடுவே, இரண்டு ஓரத்திலும் பாறை தொட, மாடி வீடு ஒரு அடைப்புபோல நின்றது. சித்தி இறங்கி, கரைமேட்டில் குழி தோண்டச் சொன்னாள். விறகு எரித்துக் கல்லைச் சூடாக்கினோம். அதன் மேல் சிப்பி, மட்டி, புகை போட்ட பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, துருவிய கிழங்கில் பிசைந்த மில்காவ். எல்லாவற்றையும் குடை அகல நால்கா இலைகளால் மூடி மேலே மண்ணோடு வெட்டிய புல்கட்டிகளை வைத்தோம். எத்தனை பேருக்குச் சமைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. குழியின் அளவைப் பார்த்தாலே தெரிந்தது.

தண்ணீர் நன்றாக வற்றியபோது மேட்டிலிருந்து வண்டிகள் இறங்கின. நான்கு வண்டி, நான்கு ஜோடி மாடு, பின்னால் கூடையும் கொக்கியுமாகப் பெண்கள். முன்னால் ருபெலிண்டா.

"ஏ கிலூன்காரி. வீட்ட எங்க கொண்டாந்து வெச்சிருக்க?"

"தண்ணி இங்கதான் விட்டுச்சு," என்றாள் சித்தி, குனிந்தபடி.

"தண்ணி விட்டுச்சாம். நாங்க எப்படி வண்டிய இறக்குறது? பாசிய தலையில சுமக்கவா?"

"நகத்திடுறேன் ருபெலிண்டா. கொஞ்ச நேரம்தான்."

"எப்ப நகத்துவ?"

"மாடு கிடைச்சதும்."

பின்னால் நின்ற கிழவர் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். ருபெலிண்டா இடுப்பில் கை வைத்து வீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். பிறகு பூட்டியே நின்ற தங்கள் மாடுகளைப் பார்த்தாள்.

"எங்க மாட்டப் பாத்து சொல்றியா?"

"மாடு உங்களுது. வழியும் உங்களுது. வீடு மட்டும்தான் என்னுது."

"வாய் பேசாத பொம்பளைன்னு சொன்னாங்களே," என்றாள் ருபெலிண்டா மற்றவர்களிடம். "இது எங்க கத்துக்கிச்சு?"

அவர்கள் தள்ளிப்போய்க் கூடிப் பேசினார்கள். வற்றம் நமக்காகக் காத்திருக்காது என்று ஒரு பெண் சொன்னது கேட்டது. சாயங்கால ஏற்றத்தில் இது மறுபடி மிதந்து காய்கிற பாசி மேலேயே வந்து விழும் என்றார் கிழவர். கடைசியில் ருபெலிண்டா திரும்பி வந்தாள்.

"உனக்காக இழுக்கல. பாசிக்காக இழுக்கிறோம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

வண்டிகளை அவிழ்த்து மாடுகளைக் கயிற்றில் பூட்டினார்கள். கோபத்தில் கட்டிய கட்டு. ஒரு பக்கம் மூன்று ஜோடி, இன்னொரு பக்கம் ஒன்று. ஹோய் என்றதும் மாடுகள் சாய்ந்தன, வீடு தன் நீளத்துக்கு நகர்ந்து, பிறகு இடது மூலை மண்ணில் குத்தி நின்றது. சுவரில் பலகை ஒன்று சடக்கென்று விரிந்தது. மறுபடி இழுத்தார்கள். மாடி மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நெறிந்தது. சித்தி இலைகளை விட்டு எழுந்து நின்றாள். 

"நிறுத்துங்கடா," என்றது மேட்டிலிருந்து ஒரு குரல்.

எலியோதோரோ கொட்டகைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் அவருடைய ஜோடி, ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி. காலையிலிருந்து அவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

"விறகுக் கட்டயா இழுக்குறீங்க? வீடுடா இது. ரெண்டா பொளந்துடும்." கிழவரிடம் திரும்பினார். "உனக்கு எத்தன மிங்கா ஆச்சு? கண்ணு தெரியலயா, எல்லாப் பாரமும் ஒரே தும்புல இருக்கு."

"கோவத்துல கட்டிட்டோம் எலியோதோரோ."

"கோவம் இருந்தா போய்த் தூங்கு."

அவர் வீட்டைச் சுற்றி வந்தார். அடிமரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தார். விரிந்த பலகையைக் கைவிரலால் தடவினார். முன்னால் வந்து கயிற்றின் பக்கத்தில் நின்றார். அதைத் தொடாமல் சித்தியைப் பார்த்தார். அன்றுதான் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"இது எந்தக் கயிறு?"

"புதுசு. அன்குத் டவுன்ல வாங்கினேன்."

"அவன் கயிறு?"

"லாஞ்சோட போயிடுச்சு."

அவர் குனிந்து கயிற்றில் கை வைத்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். முழுவதையும் அவிழ்த்து, இரண்டு அடிமரத்துக்கும் சமமாகப் பிரித்து, தன் மாடுகளை நடுவில் முன்னால் பூட்டினார். முடிச்சை இறுக்கும்போது கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார்.  ருபெலிண்டா தன் கொக்கியைக் கீழே போட்டுவிட்டு வீட்டின் பின்சுவரில் தோள் கொடுத்தாள். மற்றப் பெண்களும் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

வீடு மதியத்துக்குள் கொட்டகையைத் தாண்டி நிலத்தில் ஏறியது. ஆடு படுத்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே மாடுகள் சளைத்து நின்றுவிட்டன. வீடு கொஞ்சம் திரும்பியும் விட்டது. கிலூனில் கடலைப் பார்த்த சமையலறை ஜன்னல் இங்கே எலியோதோரோவின் கிழங்கு வயலைப் பார்த்தது. திருப்பி வைக்கணுமா என்று கேட்டார்கள்.

"இருக்கட்டும்," என்றாள் சித்தி.

பெண்கள் உடனே வண்டிகளைப் பூட்டிக்கொண்டு பாசிக்கு ஓடினார்கள். தண்ணீர் திரும்பி ஏறும்வரை மூன்று வண்டிதான் ஏற்ற முடிந்தது, அதற்கும் ருபெலிண்டா திட்டினாள். பிறகு எல்லாரும் குழியைச் சுற்றி உட்கார்ந்து இலையைத் திறந்தார்கள். ஆவி அடங்கும்வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை. "மில்காவ்ல கொழுப்பு கம்மி," என்றாள் ருபெலிண்டா, மூன்றாவதை எடுத்தபடி. கிழவர் ஆப்பிள் கள்ளுக் குடத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். எலியோதோரோ தன் பங்கை வாங்கினார். அங்கே சாப்பிடவில்லை. நால்கா இலையால் மூடி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

நான் அந்தக் குளிர்காலம் முடியும்வரை சித்தியோடு இருப்பதாகச் சொல்லியிருந்தேன். கண்ணாடிகளைப் பொருத்தினோம், அடுப்பை வைத்தோம், விரிந்த பலகையை அடித்தோம். முட்புதரைப் பிடுங்க ஆரம்பித்தோம். அவுச்சேமோகாரர்கள் வழியில் பார்த்தால் தலையாட்டினார்கள். அதற்குமேல் இல்லை.

ஏப்ரலில் ஒரு காலை எலியோதோரோ வேலிக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்திருந்தார். சித்தி கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"வெள்ளிக்கிழமை கிழங்கு தோண்டுறேன்," என்றார் அவர்.

 சித்தி அவர் வயலைப் பார்த்தாள், பிறகு தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாள்.

"வானம் எப்படி இருக்குன்னு பாக்கலாம்."

எலியோதோரோவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே வடகாற்றோடு மழை. அந்த மழையில் யாரும் கிழங்கு தோண்ட மாட்டார்கள். சித்தி ரெமிஹியோவின் ரப்பர் பூட்ஸை மாட்டினாள், கூடையை எடுத்தாள், தலையில் ஒரு உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டினாள். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். வயலில் ஆள் இல்லை. அந்தப் பக்கக் கொட்டகை வாசலில், மழை படாமல், இரண்டு மண்வெட்டிகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.